டிவியில் கேம் மங்கலாகத் தெரிகிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

கடையில் ஓடவிட்டிருந்தபோது கண்ணைப் பறித்த டிவி, வீட்டுக்கு வந்து பிஎஸ்5 கேம் கன்சோலை மாட்டியதும் சப்பென்று ஆகிவிடுகிறது. உடனே பேனல் மேல், அதாவது டிவியின் திரை மேல், சந்தேகம் வரும். சிலர் கன்சோலைத் திட்டுவார்கள். இன்னும் சிலர் காட்பாடியில் ரயிலேறி, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய், தங்க முலாம் பூசிய கேபிள் ஒன்றைத் தண்டமாக வாங்கி வருவார்கள். பெரும்பாலும் மூன்றிலும் பழுது இருக்காது. கன்சோலிலிருந்து சரியாகக் கிளம்பிய படத்தை வழியில் ஏதோ ஒன்று மாற்றியிருக்கும். அந்த ஏதோ ஒன்று அநேகமாக டிவியேதான். சினிமாவையும் சீரியலையும் பளிச்சென்று காட்டுவதற்காக வைத்த அத்தனை வேலைகளையும் அது கேமிலும் செய்து பார்க்கும். படம் எந்த இடத்தில் மாறுகிறது என்று பிடித்துவிட்டால் மீதி வேலை ரிமோட்டிலேயே முடிந்துவிடும்.

## செட்டிங்ஸில் கை வைக்கும் முன்

கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிவி ரிமோட்டில் மெனுவை எடுங்கள். டிவியின் சொந்த மெனு எழுத்துகள் தெளிவாக இருந்து, பின்னால் கேம் மட்டும் மங்கலாக இருந்தால் பேனலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்து, கேமை விட்டு வெளியே வந்து கன்சோலின் ஹோம் ஸ்கிரீனைப் பாருங்கள். அதுவும் மங்கல் என்றால் கோளாறு கன்சோலின் அவுட்புட், கேபிள், போர்ட், டிவி செட்டிங் இந்த நான்கில் ஒன்றில் இருக்கிறது. ஹோம் ஸ்கிரீன் தெளிவாக இருந்து கேமுக்குள் போனால் மட்டும் கலங்குகிறது என்றால் டிவியை விட்டுவிடுங்கள், கேமின் கிராபிக்ஸ் செட்டிங்கைப் பார்க்க வேண்டும். டிவி மெனுவிலேயே கோடு, திட்டு, இருட்டு தெரிந்தால் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம்.

இன்னொன்று, டிவிக்கு உண்மையில் என்ன வந்து சேர்கிறது என்று பாருங்கள். பல டிவிகளில் இன்ஃபோ பட்டனை அழுத்தினால் 1920 x 1080, 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 முறை படம் மாறுகிறது) என்கிற மாதிரி காட்டும். பிஎஸ்5-ல் செட்டிங்ஸ், ஸ்கிரீன் அண்ட் வீடியோ, வீடியோ அவுட்புட் என்று போனால் 'வீடியோ அவுட்புட் இன்ஃபர்மேஷன்' இருக்கிறது. எக்ஸ்பாக்ஸில் '4கே டிவி டீடெய்ல்ஸ்'. 4கே டிவியில் 1080பி என்று நின்றிருந்தால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம்.

எதை மாற்றுவதற்கு முன்பும் பழைய செட்டிங்கை போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான்கைந்தை ஒரே மூச்சில் மாற்றினால், எது சரி செய்தது, எது கெடுத்தது என்று அப்புறம் யாருக்கும் தெரியாது.

## எல்லாமே மங்கல், எழுத்தின் ஓரத்தில் வெள்ளைக் கோடு

முதலில் ஷார்ப்னெஸ். கூட்டினால் கூர்மை வரும் என்று நினைத்து 80, 90 என்று வைத்திருப்பார்கள். டிவியால் இல்லாத விவரத்தை உண்டாக்க முடியாது. ஓரங்களில் ஒரு வெள்ளைக் கோட்டைப் போட்டுக் கூர்மை மாதிரி காட்டுகிறது, அவ்வளவுதான். கேமில் மரக்கிளை, மின்கம்பி, சின்ன எழுத்து எல்லாம் இதனால் சொரசொரப்பாகிவிடும். பல டிவிகளில் பூஜ்யமோ அதற்குப் பக்கமோ நடுநிலை. சோனியில் மட்டும் 50 நடுநிலை, அதற்குக் கீழே இறக்கினால் படம் உண்மையாகவே மங்கும். பிறகு நாய்ஸ் ரிடக்‌ஷன் என்று என்னென்ன பெயரில் இருக்கிறதோ எல்லாவற்றையும் ஆஃப் செய்யுங்கள். கேபிள் டிவி படத்தில் வரும் புள்ளி இரைச்சலைத் துடைக்க வந்த வசதி அது. கேமில் துடைப்பதற்கு இரைச்சல் இல்லை, அதனால் புல்லையும் தோல் சுருக்கத்தையும் துடைக்கிறது.

அது சரியாக இருந்தும் எழுத்து மட்டும், அதிலும் கருப்பின் மேல் சிவப்பு எழுத்து மட்டும் கரைந்த மாதிரி இருக்கிறதா? நிறத் தகவல் சுருக்கப்பட்டு வருகிறது என்று பொருள். 4:4:4 என்றால் ஒவ்வொரு புள்ளிக்கும் தனி நிறம். 4:2:0 என்றால் நான்கு புள்ளிக்கு ஒரு நிறம். லேப்டாப் மாட்டுபவர்களுக்குத்தான் இது உறுத்தும், ஏனென்றால் விண்டோஸ் முழுக்க எழுத்துதான். சாம்சங்கிலும் எல்ஜியிலும் அந்த எச்டிஎம்ஐ இன்புட்டின் ஐகானை 'பிசி' என்று மாற்றினால் டிவி முழு நிறத்தையும் அப்படியே காட்டும். மற்ற டிவிகளில் பிசி மோட் அல்லது கிராபிக்ஸ் மோட் இருக்கும்.

4கே டிவி வாங்கிய பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. டிவியில் ஒவ்வொரு எச்டிஎம்ஐ போர்ட்டுக்கும் முழு வேகத்தைத் தனியாகத் திறந்துவிட வேண்டியிருக்கும். சாம்சங்கில் அது 'இன்புட் சிக்னல் பிளஸ்', எல்ஜியில் 'எச்டிஎம்ஐ டீப் கலர்', சோனியில் 'எச்டிஎம்ஐ சிக்னல் ஃபார்மட்' என்பதை 'என்ஹான்ஸ்ட்' ஆக்குவது. வேறு பிராண்டுகளில் எச்டிஎம்ஐ 1.4, 2.0, 2.1 என்று எண்ணாகவே கேட்கும். பழைய செட்டாப் பாக்ஸுக்கு ஒத்துப்போக வேண்டும் என்று சில டிவிகளில் இதைக் குறைத்தே வைத்து அனுப்புகிறார்கள். எச்டிஎம்ஐ 1.4 என்றால் நொடிக்கு 10.2 ஜிகாபிட், 2.0 என்றால் 18, 2.1 என்றால் 48 வரை. 4கே 60 ஹெர்ட்ஸை எச்டிஆருடன் (வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் விரிவோடு காட்டும் முறை) முழு நிறத்தில் அனுப்ப 18 போதாது, அதனால்தான் நிறத்தைச் சுருக்குகிறது. 4கே 120 வேண்டும் என்றால் 2.1 போர்ட்டே தேவை. டிவியில் நான்கு போர்ட் இருந்தாலும் இரண்டில் மட்டும் 120 ஹெர்ட்ஸ் வரும் மாடல்கள் நிறைய. போர்ட்டின் பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதியிருக்கும். சுவரோடு ஒட்டி மாட்டியிருந்தால் போன் கேமராவைப் பின்னால் நுழைத்துப் படம் எடுத்துப் பாருங்கள், கழுத்து பிழைக்கும்.

காட்பாடியில் விஐடி பக்கம் ரூம் எடுத்துத் தங்கும் பசங்கள் சேர்ந்து வாங்குவது பெரும்பாலும் 32 இன்ச் 'எச்டி ரெடி' டிவி. அதில் மங்கல் என்றால் சொல்ல வேண்டியது வேறு. அந்தப் பேனலில் இருப்பது 1366 x 768 புள்ளிகள். கன்சோல் அனுப்புவதோ 1280 x 720 அல்லது 1920 x 1080. இரண்டுமே அதற்குப் பொருந்தாது, டிவி ஒன்றை இழுக்கும், இன்னொன்றை அமுக்கும். 1080பியில் அனுப்பி அமுக்க விடுவதுதான் வழக்கமாகக் கொஞ்சம் நன்றாக இருக்கும், ஓரங்கள் மிருதுவாகத் தெரியும். ஆனால் பொடி எழுத்து பொடி எழுத்துதான். கேமின் ஆக்ஸஸிபிலிட்டி மெனுவில் எழுத்தளவைக் கூட்டிக்கொள்ளுங்கள், அதற்கு மேல் அந்த டிவியிடம் கேட்பது நியாயமில்லை.

## ஓரம் வெட்டுப்படுகிறது, மேப்பில் பாதி காணோம்

ஓவர்ஸ்கேன். பழைய குழாய் டிவி காலத்தில் படத்தின் ஓரக் குப்பை தெரியாமலிருக்கக் கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டுவார்கள். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. பெரிதாக்கும்போது ஓரம் வெட்டுப்படுவது மட்டுமல்ல, முழுப் படமும் கூர்மை இழக்கிறது. சாம்சங்கில் 'ஃபிட் டு ஸ்கிரீன்', எல்ஜியில் 'ஜஸ்ட் ஸ்கேன்', சோனியில் டிஸ்ப்ளே ஏரியாவை 'ஃபுல் பிக்சல்', விலை குறைந்த ஆண்ட்ராய்டு டிவிகளில் ஆஸ்பெக்ட் ரேஷியோவில் 'டாட் பை டாட்'. டிவியைத் தொடாமல் கன்சோலில் திரை அளவைச் சுருக்கிச் சமாளிப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் கன்சோல் சுருக்குகிறது, டிவி இழுக்கிறது. ஜெராக்ஸை மறுபடியும் ஜெராக்ஸ் எடுத்த கதை. டிவியில் சரி செய்துவிட்டு, நிண்டெண்டோ ஸ்விட்ச் கன்சோலின் 'அட்ஜஸ்ட் ஸ்கிரீன் சைஸ்' போன்றவற்றை 100 சதவீதத்தில் விடுங்கள்.

## கருப்பு சாம்பலாகிறது, அல்லது இருட்டில் ஒன்றுமே தெரியவில்லை

இரண்டும் ஒரே நோயின் இரு முகங்கள். டிவி உலகத்தில் கருப்பு 16-ல் தொடங்கி வெள்ளை 235-ல் முடியும், இது லிமிடெட். கம்ப்யூட்டர் உலகத்தில் 0 முதல் 255 வரை, இது ஃபுல். கன்சோல் லிமிடெட்டில் அனுப்பி டிவி ஃபுல் என்று எடுத்துக்கொண்டால் கருப்பு சாம்பலாகி, படம் முழுக்க ஒரு வெளுப்பு படரும். தலைகீழாக நடந்தால் குகை, இரவு, நிழல் எல்லாம் ஒரே மைப்பூச்சு, அதில் ஒளிந்திருக்கும் எதிரி தெரியமாட்டான்.

பிஎஸ்4, பிஎஸ்5, ஸ்விட்ச் மூன்றிலும் 'ஆர்ஜிபி ரேஞ்ச்' இருக்கிறது. ஆட்டோமேட்டிக்கில் விட்டுப் பாருங்கள். சரிவரவில்லை என்றால் கன்சோல், டிவி இரண்டையும் லிமிடெட்டில் வையுங்கள். டிவியில் இதன் பெயர் பிளாக் லெவல், எச்டிஎம்ஐ பிளாக் லெவல், வீடியோ ரேஞ்ச் என்று பிராண்டுக்கு ஒரு மாதிரி மாறும். 'லோ' என்றால் லிமிடெட், 'நார்மல்' அல்லது 'ஹை' என்றால் ஃபுல். எக்ஸ்பாக்ஸில் கலர் ஸ்பேஸை 'ஸ்டாண்டர்ட்' என்று விட்டால் அதுதான் லிமிடெட். ஃபுல் வைத்தால் படம் தரமாக வரும் என்று எங்கோ படித்துவிட்டு மாற்றுபவர்களுக்கு ஒரு வார்த்தை: இரண்டும் பொருந்தியிருந்தால் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இல்லை, பொருந்தாவிட்டால் எல்லாம் போச்சு. என்விடியா கார்டு உள்ள லேப்டாப்பில் 'அவுட்புட் டைனமிக் ரேஞ்ச்' என்று கண்ட்ரோல் பேனலில் இருக்கும். டிவி என்று தெரிந்ததும் அது தானாகவே லிமிடெட்டுக்கு மாறிக்கொள்வது வாடிக்கை.

இது பொருந்தியும் இருட்டாக இருந்தால் பிரைட்னெஸ் என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். பல டிவிகளில் பிரைட்னெஸ் என்பது கருப்பின் அளவு, வெளிச்சத்தின் அளவு அல்ல. அதைக் கூட்டினால் கருப்பு சாம்பலாகும், அவ்வளவுதான். வெளிச்சம் வேண்டும் என்றால் 'பேக்லைட்' கூட்ட வேண்டும். பெயரை மாற்றி வைத்த மாடல்களும் வந்திருப்பதால், கூட்டும்போது கருப்பு சேர்ந்து வெளுக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யுங்கள். கூடவே எக்கோ மோட், பவர் சேவிங், வெளிச்ச சென்சார் மூன்றையும் ஆஃப் செய்யுங்கள். விளையாடும்போது தானாக மங்கி, மறுபடி தானாக வெளிச்சமாகிறது என்ற புகாரில் பாதி இந்த சென்சாரோடு தீர்ந்துவிடும்.

வேலூர் வெயிலைச் சொல்லாமல் இந்தப் பகுதி முடியாது. மேற்குப் பார்த்த ஹாலில், கத்திரி வெயில் நேரத்தில், நாலு மணிக்கு ஜன்னல் ஸ்கிரீனைத் திறந்து வைத்து இருட்டான கேம் விளையாடினால் எந்த டிவியும் தோற்கும். பகலுக்கு ஒரு பிக்சர் மோட், இரவுக்கு ஒரு பிக்சர் மோட் என்று இரண்டு வைத்துக்கொள்வது நல்லது. கன்சோலை ஷோகேஸின் கண்ணாடிக் கதவுக்குள் பூட்டி வைப்பதையும் விடுங்கள். வெளியே 40 டிகிரி தாண்டும் ஊர், உள்ளே இன்னும் அதிகம். லேப்டாப் சூடானால் பிராசசர் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், கேம் திக்கும். பத்து நிமிடம் நன்றாக ஓடி அப்புறம் படம் இழுக்கிறது என்றால் டிவி செட்டிங்கைத் தேடாதீர்கள், லேப்டாப்பின் காற்றுத் துளையைத் தடவிப் பாருங்கள்.

## எச்டிஆர் போட்டால் படம் செத்துப்போகிறது

அட்டைப் பெட்டியில் எச்டிஆர் என்று அச்சடித்திருப்பதற்கும் திரையில் எச்டிஆர் தெரிவதற்கும் தூரம் அதிகம். விலை குறைந்த டிவிகள் எச்டிஆர் சிக்னலை ஏற்றுக்கொள்ளும், ஆனால் அவற்றின் வெளிச்சமே 300 நிட் (திரை வெளிச்சத்தின் அளவு) பக்கம்தான். ஆயிரம் நிட்டை மனதில் வைத்துச் செய்த காட்சியை அதில் அடக்கும்போது ஒன்று வானம் வெந்துபோகும், இல்லை எல்லாமே மந்தமாகிவிடும். அப்படிப்பட்ட டிவியில் எச்டிஆரை ஆஃப் செய்து விளையாடுங்கள். சாதாரண மோடில் அதே டிவி பளிச்சென்று இருக்கும், இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

டிவி நல்ல டிவிதான் என்றால் வரிசைப்படி செய்யுங்கள். போர்ட்டின் முழு வேகத்தைத் திறந்தாயிற்றா என்று பாருங்கள். டிவியின் பிக்சர் மோடில் கேம் மோடைப் போடுங்கள். டிவியில் 'எச்ஜிஐஜி' என்று தேர்வு இருந்தால் டோன் மேப்பிங்கை, அதாவது அதிக வெளிச்சத்தைத் திரைக்குத் தக்கபடி அடக்கும் வேலையை, அதற்கு மாற்றுங்கள். அதற்கு அப்புறம்தான் கன்சோலின் எச்டிஆர் சரிபார்ப்பு. பிஎஸ்5-ல் 'அட்ஜஸ்ட் எச்டிஆர்', எக்ஸ்பாக்ஸில் 'கேலிபரேட் எச்டிஆர் ஃபார் கேம்ஸ்'. சின்னம் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மறையும் இடத்தில் நிறுத்தச் சொல்லும், சொன்னபடியே செய்யுங்கள். கடைசியாகக் கேமுக்குள் இருக்கும் எச்டிஆர் மெனு. இந்த வரிசை மாறினால், ஒன்று அடக்கியதை இன்னொன்று மறுபடி அடக்கும்.

எச்டிஆரை ஆதரிக்காத கேம்கூட எச்டிஆர் மோடில் ஓடி நிறம் விசித்திரமாகத் தெரிகிறது என்றால் பிஎஸ்5-ல் 'ஆன் வென் சப்போர்ட்டட்' என்று வையுங்கள். விண்டோஸில் எச்டிஆர் ஆன் செய்ததும் டெஸ்க்டாப் வெளுப்பது தனிக் கதை. அங்கே 'எஸ்டிஆர் கன்டென்ட் பிரைட்னெஸ்' என்று ஓர் இழுவை இருக்கிறது, அதை நகர்த்தினால் சரியாகும்.

## மினுக்கும் புள்ளிகள், படம் போய்ப் போய் வருவது

இதுதான் கேபிளின் அறிகுறி. எச்டிஎம்ஐயில் வருவது டிஜிட்டல் சிக்னல். கேபிள் சுமாராக இருந்தால் நிறம் மங்காது, கூர்மை குறையாது. வெள்ளையாகவோ பச்சையாகவோ புள்ளிகள் மினுக்கும், ஓரிரு நொடி திரை கருப்பாகும், அல்லது 'நோ சிக்னல்' வரும். நிறம் டல்லாக இருக்கிறது, கேபிளை மாற்றலாமா என்று கேட்டால் வேண்டாம் என்பதே பதில்.

சத்துவாச்சாரியில் ஒரு புது வீடு. சுவருக்குள் பைப் போட்டு, டிவியிலிருந்து கீழே ஷோகேஸ் வரை எச்டிஎம்ஐ கேபிளை இழுத்து, மேலே பூசி, பெயின்டும் அடித்தாயிற்று. பையன் சொன்ன புகார்: "இன்னாண்ணா, பகல் சீன்ல ஒண்ணும் இல்ல, நைட் சீன் வந்தா மட்டும் பச்சைப் புள்ளியா மினுக்குது." பையனின் அம்மாவுக்கு வேறு கவலை: "தம்பி, எது வேணா பண்ணுப்பா, சுவத்த மட்டும் ஒடைக்காத." பிஎஸ்5-ஐத் தூக்கி டிவிக்குப் பக்கத்தில் ஸ்டூல் மேல் வைத்து, கன்சோலோடு வந்த சின்னக் கேபிளை நேராக மாட்டினோம். புள்ளி இல்லை. மறுபடி சுவர்க் கேபிள், புள்ளி வந்தது. இதற்கு மேல் சாட்சி தேவையில்லை. பகல் காட்சியிலும் அதே புள்ளிகள் இருந்திருக்கும், வெளிச்சத்தில் கண்ணில் படவில்லை.

அன்றைக்குச் சுவரைத் தொடாமல் செய்தது, பிஎஸ்5-ல் '4கே வீடியோ டிரான்ஸ்ஃபர் ரேட்' என்பதை ஆட்டோமேட்டிக்கிலிருந்து மைனஸ் ஒன்றுக்கு இறக்கியது. நிறத் தகவலைச் சுருக்கி அனுப்பும், கேபிளுக்குப் பாரம் குறையும். புள்ளிகள் போய்விட்டன. சோபாவில் உட்கார்ந்து பார்த்தால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. நிரந்தரமாகச் சரி செய்ய வேண்டும் என்றால் பழைய கேபிளின் வாலில் புதியதைக் கட்டி இழுக்கலாம், ஆனால் எச்டிஎம்ஐயின் தலை பைப்பின் வளைவில் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். நீளம் அதிகம் என்றால் ஃபைபர் வைத்த எச்டிஎம்ஐ கேபிள் நல்லது. அதில் 'சோர்ஸ்' என்றும் 'டிஸ்ப்ளே' என்றும் இரு முனையிலும் எழுதியிருக்கும். சுவருக்குள் விடுவதற்கு முன் தரையில் வைத்தே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், திருப்பி மாட்டினால் படமே வராது. 2-3 மீட்டருக்குள் என்றால் இதெல்லாம் தேவையில்லை. 4கே 60-க்கு 'பிரீமியம் ஹை ஸ்பீட்', 4கே 120-க்கு 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' முத்திரை உள்ளதை வாங்குங்கள். தங்க முலாம் துருப்பிடிக்காமல் காக்கும், படத்துக்கு ஒன்றும் செய்யாது.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு: பைப்பைப் பெரிதாகப் போட்டு, உள்ளே ஒரு நூல் கம்பியும் விட்டு வையுங்கள்.

நடுவில் சவுண்ட்பாரோ ஆம்ப்ளிஃபையரோ இருந்தால் அதைக் கழற்றிவிட்டு நேராக மாட்டிப் பாருங்கள், பழைய சவுண்ட்பார் 4கே 120-ஐ வழியிலேயே நிறுத்திவிடும். ஸ்டெபிலைசர் போட்டால் படம் சரியாகுமா என்பார்கள். இன்றைய எல்இடி டிவியின் பவர் சப்ளை அகலமான வோல்டேஜைத் தாங்கும், படத்தின் கூர்மைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

செட்டிங்கை மாற்றியதும் திரை ஒரேயடியாகக் கருப்பாகிவிட்டால் பதற வேண்டாம். பிஎஸ்4-ஐயும் 5-ஐயும் முழுதாக அணைத்துவிட்டு, பவர் பட்டனை இரண்டாவது பீப் கேட்கும்வரை, அதாவது ஏழு நொடி போல, அழுத்திப் பிடித்தால் சேஃப் மோட் வரும். அதில் ரெசல்யூஷனை மாற்றிக்கொள்ளலாம். கன்ட்ரோலரை வயரில் மாட்டியிருக்க வேண்டும்.

## அசைந்தால் கலங்குகிறது, பட்டனுக்குப் படம் பின்னால் வருகிறது

கேம் மோட். டிவி மெனுவில் மோஷன் என்று தொடங்கும் எல்லாவற்றையும் அணைத்துப் போடும் ஒரே பட்டன் அது. 60 ஃபிரேமில் ஓடும் கேமில் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லி செகண்ட். டிவி தன் அலங்காரங்களை எல்லாம் செய்து முடிக்க 100 மில்லி செகண்ட் எடுத்தால், நீங்கள் அழுத்தியது ஆறு ஃபிரேம் தள்ளித் தெரியும். கிரிக்கெட் கேமில் பந்து போன பிறகு பேட் வரும். கேம் மோடில் நிறம் கொஞ்சம் சாதுவாகத் தெரியும், இரண்டு நாளில் கண் பழகிவிடும்.

அதன் பிறகும் கலங்கினால் கேமின் மெனுவுக்குப் போங்கள். மோஷன் பிளர், ஃபிலிம் கிரெயின், குரோமாடிக் அபெரேஷன் மூன்றையும் அணையுங்கள். சினிமா மாதிரி தெரிய வேண்டும் என்று சேர்த்த தூசி அவை. குவாலிட்டி மோட் 30 ஃபிரேம், பர்ஃபார்மன்ஸ் மோட் 60 ஃபிரேம் என்று இருந்தால் எனக்கு எப்போதும் 60-தான். நின்று பார்க்க குவாலிட்டி அழகு, ஆனால் யார் நின்று பார்க்கிறார்கள்? பர்ஃபார்மன்ஸில் கேம் குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்குகிறது, அதனால் தூரத்து இலைகள் கொஞ்சம் கலங்கும். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் பெரும்பாலும் 1440பியோ அதற்குக் கீழேயோ வரைவதற்காகச் செய்த இயந்திரம். 65 இன்ச் 4கே டிவியில் அதை மாட்டிவிட்டு டிவியைக் குறை சொல்லக் கூடாது.

படம் குறுக்கே கிழிந்த மாதிரி தெரிந்தால் டிவியில் விஆர்ஆர் (கேமின் வேகத்துக்கு டிவி தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வசதி) இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் கேமில் விசிங்க் (டிவியின் வேகத்துக்குக் கேமைக் காத்திருக்க வைப்பது) போடுங்கள். 4கே டிவியில் லேப்டாப் மாட்டியதும் மவுஸ் அம்பே தடுமாறுகிறது என்றால், லேப்டாப்பின் எச்டிஎம்ஐ 1.4 ஆக இருந்து 30 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. 1080பி 60-க்கு இறக்கினால் விளையாடலாம்.

## போனிலிருந்து காஸ்ட் செய்தால் சதுரம் சதுரமாகிறது

வைஃபையில் காஸ்ட் செய்யும்போது போன் படத்தை அமுக்கி வீடியோவாக்கி அனுப்புகிறது. வேகமான காட்சி வந்தால் சதுரங்கள் வரத்தான் செய்யும், தாமதமும் உண்டு. 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாறினால் கொஞ்சம் தேறும். நல்ல வழி டைப்-சியிலிருந்து எச்டிஎம்ஐ அடாப்டர், ஆனால் எல்லா போனிலும் டைப்-சி வழியாகப் படம் வராது. பட்ஜெட் போன்களில் பலவற்றில் இருப்பது யுஎஸ்பி 2.0 வயரிங், அதில் சார்ஜும் டேட்டாவும் மட்டும். அடாப்டர் வாங்கும் முன் போனின் விவரத்தில் 'டிஸ்ப்ளே போர்ட்' என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

## பழைய பிஎஸ்2-ம் கேசட் கேமும்

பரணிலிருந்து பிஎஸ்2 இறக்கி 43 இன்ச்சில் மாட்டினால் கண் கூசும். ஏவி கேபிளின் மஞ்சள் பின்னில் வருவது இன்டர்லேஸ் செய்த, அதாவது ஒன்றுவிட்டு ஒரு வரியாக அனுப்பும், 480 அல்லது 576 வரிகள்தான். அதை 4கே டிவி பிரித்து, சேர்த்து, பல மடங்கு இழுக்கிறது. 'ஏவி டு எச்டிஎம்ஐ' பெட்டி வாங்கினாலும் அதே மஞ்சள் பின் படம்தான் எச்டிஎம்ஐ வழியாக வரும். உருப்படியான வழி சிவப்பு-பச்சை-நீலம் காம்போனென்ட் கேபிள். அதில் படம் ஒரேயடியாகப் பச்சையடித்தால் பிஎஸ்2-வின் சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் 'காம்போனென்ட் வீடியோ அவுட்' என்பதை ஆர்ஜிபியிலிருந்து மற்றதுக்கு மாற்றுங்கள்.

படம் கருப்பு வெள்ளையாக வந்தால் டிவியின் கலர் சிஸ்டத்தை ஆட்டோவிலோ என்டிஎஸ்சியிலோ வையுங்கள். நம் ஊர் டிவியின் நிற முறை பிஏஎல் (PAL), பல டிஸ்க்குகள் என்டிஎஸ்சி (NTSC). அப்படியும் நிறம் வரவில்லை என்றால், பச்சைத் துளையும் மஞ்சள் துளையும் ஒன்றாக இருக்கும் டிவியில் இன்புட் 'காம்போனென்ட்' என்று தேர்வாகியிருக்கும், அதை 'ஏவி'க்கு மாற்றுங்கள். படத்தில் பட்டையாகக் கோடு மெல்ல மேலேறினால் கேபிள் டிவி வயரைக் கழற்றிப் பாருங்கள், இரண்டு எர்த் முட்டிக்கொள்ளும் கோளாறு அது.

ஆனால் இதற்கெல்லாம் மேலான மருந்து பல வீட்டுப் பரணில் பக்கத்திலேயே கிடக்கும். 2006-க்குப் பிறகு தமிழக அரசு இலவசமாகக் கொடுத்த 14 இன்ச் கலர் டிவி. குழாய் டிவிக்கு இன்டர்லேஸ் படம் தாய்மொழி, இழுக்கவும் வேண்டாம், பிரிக்கவும் வேண்டாம், தாமதமும் இல்லை. இன்னும் எரிகிறது என்றால் பிஎஸ்2-வை அதில் மாட்டிப் பாருங்கள், 4கே டிவி வெட்கப்படும். '4கே கேம் ஸ்டிக்' என்று விற்கும் குச்சிகளுக்கும் ஒரு வார்த்தை: உள்ளே இருக்கும் கேம்களே 240 வரி காலத்தவை, 4கே என்பது பெட்டியில் மட்டும். ஆஸ்பெக்ட் ரேஷியோவை 4:3 ஆக்கினால் குண்டான மனிதர்கள் ஒல்லியாவார்கள்.

## லாட்ஜ் டிவியில் மாட்டினால்

வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்குச் சிகிச்சைக்கு வந்து வாரக்கணக்கில் லாட்ஜில் தங்கும் குடும்பங்களில் பிள்ளைகள் ஸ்விட்ச்சையோ கேம் ஸ்டிக்கையோ கொண்டுவந்திருப்பார்கள். அங்கே மெனு திறக்கவில்லை, இன்புட் மாறவில்லை என்றால் டிவி கெடவில்லை, ஹோட்டல் மோடில் பூட்டியிருக்கிறார்கள். ரிசப்ஷனில் கேட்டுத் திறக்கச் சொல்வதுதான் வழி. டிவியில் எதையும் மாற்ற முடியாவிட்டால் கன்சோல் பக்கம் மட்டும் வேலை செய்யுங்கள். ஓரம் வெட்டுப்பட்டால் அங்கே மட்டும் கன்சோலில் திரையைச் சுருக்குவது நியாயம்.

## பேனலே போயிருந்தால்

டிவி மெனுவிலும் செங்குத்துக் கோடு, பாதித் திரை இருட்டு, ஆங்காங்கே வட்ட வட்டமாகக் கருந்திட்டு இருந்தால் செட்டிங்ஸ் எதுவும் உதவாது. சத்தம் வருகிறது, படம் மட்டும் இல்லை என்றால் அறையை இருட்டாக்கி, போன் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்த்து அடித்துப் பாருங்கள். உள்ளே மங்கலாகப் படம் அசைவது தெரிந்தால் போனது பேக்லைட், பேனல் பிழைத்திருக்கிறது. எல்இடி பட்டையை மாற்றிக்கொடுக்கும் மெக்கானிக்குகள் ஊரில் இருக்கிறார்கள், செலவும் தாங்கும். பட்டையில் ஒரு பல்பு போனாலும் முழு செட்டாக மாற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் கொஞ்ச நாளில் அடுத்தது போகும், மறுபடி டிவியைப் பிரிக்க வேண்டும். பேனலில் விரிசலோ, மை கொட்டிய மாதிரி கறையோ இருந்தால் மாற்றும் செலவு புது டிவி விலையை நெருங்கும். வாரன்டி பில்லை எடுத்துத் தேதி பாருங்கள். அது முடிந்திருந்தால் ரிப்பேருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் புது டிவி விலையையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.